கண்ணுக்குக் கெடுதல் இல்லாத டி.வி.

கருத்தம்மாள் முதலில் உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டாள். நாலு பக்கமும் கருப்புத் துணி அடித்து மூடிய அறை. மேசைக்கு மேலே, தலையை இடிக்காத குறையாக, இரண்டு குழல் விளக்குகள் ஊதாவாக எரிந்தன. தள்ளுவண்டியில் வந்திருந்த நூல் கோன்களைப் பரிபூரணம் ஒவ்வொன்றாக எடுத்து, விளக்குக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, மறுபக்கம் அடுக்கினாள். ஒரே பஞ்சில் நூற்ற கோன்கள் அந்த வெளிச்சத்தில் நீலம் பூத்து நிற்கும். வேறு பஞ்சு கலந்த கோன் ஒன்று நடுவில் வந்துவிட்டால் அது மட்டும் மஞ்சளாகத் தெரியும். அதைத் தூக்கித் தனியே போட வேண்டும். வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான். பனியன் துணியாகி, சாயம் ஏறின பிறகுதான் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுக்கும்.

பதினாறு வருசமாகப் பரிபூரணம் அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ராஜபாளையத்தில் அந்த நூல் மில்லைத் தெரிந்தவர்களுக்கு அவள் கண்ணையும் தெரியும். ஆயிரம் கோனுக்குள் ஒரு கோன் மாறியிருந்தாலும் பிடித்துவிடுவாள் என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மேஸ்திரிகள் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பெயர்தான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்திருந்தது.

ஆறு மாசமாக அவளுக்கு எல்லாக் கோனும் மஞ்சளாகத்தான் தெரிந்தன. வலது கண்ணில் அடுப்புப் புகை அடைத்தது போல ஒரு மூட்டம். இடது கண்ணிலும் அது மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கருத்தம்மாளிடம் மட்டும்தான் சொன்னாள். அன்றிலிருந்து மேசைக்குக் கீழே ஓர் ஏற்பாடு நடந்தது. மாறின கோன் பரிபூரணத்தின் கைக்கு வரும்போது கருத்தம்மாள் அவள் காலை மிதிப்பாள். பரிபூரணம் அதைத் தனியே போடுவாள்.

மகள் பிரசவத்துக்காகக் கருத்தம்மாள் போன மாசம் ஒரு வாரம் லீவு போட்டாள். அந்த ஒரு வாரமும் காலை மிதிக்க ஆளில்லை.

"ஏட்டி, திருப்பூர்ல இருந்து கம்ப்ளைண்ட் வந்திருக்காம்ல. துணி பூராப் பட்டையாம். எந்த வாரத்துச் சரக்குன்னு பாக்காகளாம்" என்றாள் கருத்தம்மாள், கையை நிறுத்தாமல்.

"பெட்டிக்குள்ள என் நம்பர் சீட்டு கெடக்கும்லா."

"கெடக்கும். உன் நம்பரு மட்டுமா கெடக்கும்? பேசாம இரு. நீயா வாயக் குடுத்து மாட்டிக்கிறாத."

கோன் அடுக்கி அனுப்புகிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பார்த்தவளின் நம்பர் போட்ட சீட்டு ஒன்று போகும். பரிபூரணத்தின் நம்பர் பதினேழு. அந்த வாரத்துச் சரக்கு லாரி ஏறினதிலிருந்து, பத்து நாளாக அந்தச் சீட்டைப் பற்றியேதான் நினைப்பு. சோறு இறங்கவில்லை. யாராவது சட்டைப் பையில் கையை விட்டால் அந்தச் சீட்டைத்தான் எடுக்கிறார்கள் என்று கையையே பார்த்தாள். வீட்டில் புருசன் ராக்கப்பன் இருபது வருசம் பஞ்சுத் தூசியைக் குடித்துவிட்டு, நெஞ்சுச் சளியோடு சுவரில் சாய்ந்து கிடக்கிறான். இரண்டு பேரும் சாப்பிடுவது இந்த முக்காலியை நம்பித்தான். போன வருசம் இதே வேலை பார்த்த வெள்ளத்தாய்க்குப் பார்வை மங்கியது தெரிந்த அன்று, அவளை உள்ளேகூட விடவில்லை. கேட்டிலேயே டோக்கனை வாங்கிக்கொண்டார்கள். முந்தின நாள் உள்ளே விட்டுப்போன டிபன் தூக்கைக்கூட வாட்ச்மேன்தான் போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

துணியை விலக்கிக்கொண்டு ஆபீஸ் பையன் தலையை நீட்டினான்.

"பதினேழு யாரு? மாஸ்டர் கூப்புடுதாரு."

கருத்தம்மாளின் கால் அவள் காலைத் தேடி வந்து அழுத்தியது. இந்தத் தடவை அதற்கு என்ன அர்த்தம் என்று பரிபூரணத்துக்குத் தெரியவில்லை.

ஸ்பின்னிங் மாஸ்டர் காசிராஜன் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் முதலாளியின் மகன், கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கிற சின்ன முதலாளி, கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பஞ்ச உதறிக்கிட்டு வாம்மா. வில்லிபுத்தூர் வரைக்கும் போகணும்" என்றார் மாஸ்டர்.

"எதுக்குய்யா?"

"டி.வி. பாக்க."

சின்ன முதலாளி சிரித்தார். "பெருசா ஒண்ணுமில்லம்மா. நான் ஒரு கேம் பெட்டி வாங்கியாந்திருக்கேன். டி.வி.ல மாட்டி ஆடுறது. அதுக்கும் படம் பாக்குறதுக்கும் தட்டைக் கண்ணாடி டி.வி. ஒண்ணு வேணும். கடைல போய் நின்னா எல்லாம் நல்லாருக்க மாதிரியே தெரியுது. அப்பாதான் சொன்னாரு, கலர் பாக்கணும்னா பரிபூரணத்தக் கூட்டிட்டுப் போ, அவ கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு."

மாஸ்டரின் சட்டைப் பையில் ஏதோ காகிதம் துருத்திக்கொண்டிருந்தது.

அவள் அதுவரைக்கும் காரில் ஏறியதில்லை. பின் சீட்டில் ஓர் ஓரமாக, மெத்தையில் முழுப் பாரத்தையும் வைக்காமல் உட்கார்ந்துகொண்டாள். முன்னால் இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தார்கள். திருப்பூர் என்ற சொல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். வரவில்லை. வராததும் பயமாகத்தான் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கோ பட்டப்பகலே இருட்டிக்கொண்டு வந்தது. கோபுரம் வந்துவிட்டது என்று சின்ன முதலாளி சொன்னபோது அவளும் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அங்கே மஞ்சளாக ஒரு வானம் மட்டும் இருந்தது.

கடை சேக் முகைதீனுடையது. ஐம்பது வயசு மனிதர், வெள்ளைத் தொப்பி, வாய் நிறையச் சிரிப்பு. நாலு டி.வி.க்களை வரிசையாக வைத்திருந்தார். பழைய டி.வி. போலக் கண்ணாடி முன்னால் புடைத்துக்கொண்டு இல்லாமல், சிலேட்டு மாதிரி மட்டமாக இருந்தது.

"இந்த வருசம்தான் வந்திருக்கு சார். தொண்ணூத்தொம்பதுல இதவிடப் புதுசு கெடையாது. பக்கத்துல ஒக்காந்து பாத்தாலும் கண்ணுக்குக் கெடுதல் இல்ல" என்றார். மாஸ்டரிடமும் சின்ன முதலாளியிடமும் கடை விலாசம் போட்ட கார்டு ஒவ்வொன்று கொடுத்தார். மாஸ்டர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சின்ன முதலாளி கேம் பெட்டியை அவரே மாட்டினார். நாலிலும் ஒரே கார் ஓடியது. பிறகு படக் கேசட்டைப் போட்டார்கள். நாலிலும் ஒரே பெண் வந்து அழுதாள்.

"எனக்கு ரெண்டே காரியந்தான்" என்றார் சின்ன முதலாளி. "காரு ஓடுறப்ப நெழல் இழுக்கக் கூடாது. படத்துல மனுசன் மொகம் மனுசன் மொகமா இருக்கணும். மொத காரியத்த நான் பாத்துக்கிட்டேன். ரெண்டாவது நீங்க சொல்லுங்க."

பரிபூரணம் கையைப் பிசைந்தாள். கடைக் குழல் விளக்கில் கண் கூசியது. நாலு பெட்டிகளிலும் ஏதோ அசைந்தது என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கருத்தம்மாளின் கால் ஏழு மைலுக்கு அப்பால் இருந்தது.

"லைட்ட அணைச்சாத் தேவலைய்யா" என்றாள். பழக்க தோசம். கொஞ்ச நேரம் தள்ளிப்போகுமே என்றும் இருந்தது.

"பாத்தீங்களா சார்?" என்றார் மாஸ்டர். அவர் குரலில் பெருமைகூட இருந்தது. "தொழில் தெரிஞ்சவ. எங்க லைட் ரூம்ல இப்படித்தான் பாப்பா."

ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்குகளை அணைத்தார்கள். இருட்டு வந்ததும் பரிபூரணத்துக்கு மூச்சுச் சீரானது. இது அவளுக்குத் தெரிந்த இடம். வரிசையாக வைத்த பொருளில் மாறினதைக் கண்டுபிடிக்கிற வேலை. முதல் பெட்டியைப் பார்த்தாள். மஞ்சள். இரண்டாவதும் மஞ்சள். மூன்றாவதும் அப்படியே. நாலாவதைப் பார்த்தாள்.

அது வெள்ளையாக இருந்தது. நல்ல கோன் ஊதா விளக்குக்கு அடியில் பூக்கும் அதே நீல வெள்ளை. ஆறு மாசமாக அவள் பார்க்காத வெள்ளை. கண் போகவில்லை. இங்கேதான் இருக்கிறது. மில்லில் விளக்குத்தான் பழசாகி மஞ்சளடித்திருக்கிறது போல. இதைக் கருத்தம்மாளிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"இதுதாய்யா" என்று நாலாவது பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். குரல் கணீரென்று வந்தது. "மத்த மூணும் மஞ்சளடிச்சிருக்கு. இதுதான் சுத்தமா இருக்கு."

படத்தில் அந்தப் பெண் மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

"அது மெக்கானிக்குக்காக வச்சிருக்கது சார்" என்றார் சேக் முகைதீன் தயங்கித் தயங்கி. "லாரில வரயிலயே அடிபட்டு, செவப்புக் கலர் செத்துப்போச்சு. இடம் இல்லாம வரிசைல வச்சேன், ஒயரயும் கழட்டாம விட்டுட்டேன். என் தப்பு." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "இருட்டுல யாரு கண்ணும் ஏமாறத்தான் செய்யும். எனக்கே ஒருவாட்டி அப்படித்தான் ஆச்சு."

சின்ன முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுலயாம்மா? இதுல அந்தப் பொண்ணு மூஞ்சி தண்ணில ஊறின பொணம் மாதிரி நீலமா கெடக்கு."

காசிராஜன் சிரிக்கவில்லை. விளக்கைப் போடச் சொன்னார். அவளுக்கு இரண்டடி தூரத்தில் வந்து நின்றுகொண்டு சட்டைப் பைக்குள் கையை விட்டார். பரிபூரணம் அந்தக் கையைப் பார்த்தாள். பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த கை. அது ஒரு சீட்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டியது.

"இதுல என்ன போட்டிருக்கு? வாசி."

சீட்டு ஒரு வெள்ளைச் சதுரமாக ஆடியது. கோன் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து, திருப்பூரிலிருந்து இங்கே வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"பதினேழுய்யா" என்றாள். "என் நம்பருதான். கருத்தம்மா லீவுல இருந்தா. ஒரே ஒரு வாரந்தான்யா. பொறவு ஒரு கோன்கூட மாறல."

மாஸ்டர் சீட்டைத் திருப்பி ஒரு தடவை தானும் பார்த்தார். கடைக்காரர் கொடுத்த கார்டுதான் அது. மூன்றாம் பிறையும் கடைப் பெயரும் சிவப்பு மையில் பெரிதாக அச்சடித்திருந்தன.

"எம்புட்டு நாளா?" என்று கேட்டார்.

சேக் முகைதீன் ஒரு ஸ்டூலை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். முதலாளி நிற்கும்போது எப்படி உட்காருவது என்று அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

சின்ன முதலாளி முதலாவது பெட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கடை போனிலிருந்து வீட்டுக்குப் பேசினார். அம்மாவிடம் தெலுங்கில் பேசினார். தெலுங்கு காதில் விழுந்தே வளர்ந்த ராஜபாளையத்துக்காரிக்குப் பாதி புரியும். கண், கண் என்று திரும்பத் திரும்ப வந்தது. தன் கண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பரிபூரணம் விறைத்துப் போனாள். போனை வைத்துவிட்டு அவர் கடைக்காரரிடம் திரும்பினார்.

"அம்மாவுக்கு மனசு கேக்கல. ராத்திரி பகலா ஆடுவேன், கண்ணு கெட்டுப் போயிரும்ங்கிறாங்க. டி.வி.க்கு முன்னாடி மாட்டுற கண்ணாடி ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு சார். வெளிச்சத்த வடிகட்டிக் குடுக்கும். கண்ணுக்கு ஒரு கெடுதலும் அண்டாது."

டி.வி. வேனில் பின்னால் வரட்டும், கண்ணாடி உடைகிற சாமான், காரிலேயே கொண்டுபோவோம் என்று முடிவானது. பரிபூரணம் பின் சீட்டில் ஏறியதும் துணியில் சுற்றிய கண்ணாடியை அவள் மடியில் வைத்தார்கள். மேசைப் பலகை அகலம் இருந்தது. இரண்டு பக்கமும் கையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

கார் ஊரைத் தாண்டின பிறகுதான் மாஸ்டர் பேசினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"காலைல கேட்டுல டோக்கனக் குடுத்துரு. உள்ள வர வேண்டாம்."

"ஐயா, கழிவுப் பஞ்சு அள்ளுதேன். கூட்டுதேன். அதுக்குக் கண்ணு வேண்டாம்யா."

"வேற எடம் ஏதும் குடுக்கலாமே மாஸ்டர்" என்றார் சின்ன முதலாளி.

"மெசினுக்கு நடுவுல கூட்டணும் சார். பெல்ட்டுல சேல மாட்டுச்சுன்னா நாமதான் பதில் சொல்லணும். கேசுவல் ஆளுதான், பெர்மனன்ட் இல்ல, ஒரு பிரச்சினையும் வராது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "மதுரைக் கண்ணாஸ்பத்திரில இலவசமாப் பாக்காகம்மா. போய்க் காட்டு. பதினாறு வருசம் அந்த லைட்டுக்கு முன்னால ஒக்காந்தா யாரு கண்ணுதான் தாங்கும்?" என்றார்.

சின்ன முதலாளி ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

ராக்கப்பனிடம் என்ன சொல்வது என்று பரிபூரணம் யோசித்தாள். கருத்தம்மாளின் பெயரை உளறிவிட்டோமே என்ற நினைப்பு பின்னாலேயே வந்தது. நாளைக்கு அவளையும் கூப்பிடுவார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை.

ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது.

"கண்ணாடி பத்திரம்மா" என்றார் சின்ன முதலாளி.

"பிடிச்சிருக்கேன்யா" என்றாள் பரிபூரணம். உடைந்து தொலைந்துவிடக் கூடாதே என்று பயந்து அதை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.