துரோகிக்கு ஒரு முரசடி

1

மாலை ஐந்தே காலுக்கு, மீனவர் கோயில் வாசலில், லுவா தப்பான ஆளுக்கு முரசடித்தாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. அதற்கு முன்னால் நடந்தவை நான் பிறகு தேடிச் சேர்த்தவை.

2

முதல் தொடக்கம்: சைகோன் நகரத்திலிருந்து இந்த மீனவ ஊருக்கு மருமகளாக வந்த லுவாவுக்குப் பழைய நாடகம் என்றாலே

(நிறுத்திவிட்டேன். 'பிடிக்காது' என்று எழுதப் போனேன். அவள் அதுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.)

இரண்டாவது: திருவிழாவின் முதல் நாள், கரும்புச்சாற்றுக் கடைக்கு ஐஸ் இறக்க வந்தாள். மேடையில் சிவப்பு முகத் தளபதி, குதிரை இல்லாமலே குதிரை ஏறினான். லுவா வண்டியின் எஞ்சினை அணைத்தாள்.

(இது இருக்கட்டும்.)

3

இங்கே ஊர் சார்பில் ஒருவர் முரசோடு முன்வரிசையில் உட்கார்வார். நடிப்பு பிடித்தால் அடிப்பார்.* அவர் சாவ் மாமா. கேள்வி கேட்டே துளைத்த லுவாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கடைசி நாள் ஒரு காட்சிக்கு முரசுக் கோலைத் தருவதாகவும் சொல்லியிருந்தார். அவளுக்கு அதே நினைப்பு.

* துரோகி வேடத்துக்கு இந்தக் கரையில் யாரும் அடித்ததில்லை. விதி என்று எதுவும் இல்லை. அடித்ததில்லை, அவ்வளவுதான்.

4

மூன்றாம் நாள்.

"பிடிம்மா. ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துடறேன். தளபதி வந்தா ரெண்டு போடு" என்று சாவ் மாமா கோலை நீட்டினார்.

"வரலேன்னா?"

"சும்மா இரு. உனக்கு அதுதான் கஷ்டம்."

தளபதி வரவில்லை. வெள்ளை முகத் துரோகி வந்தான். தான் கொன்ற ராஜாவின் பச்சைக் குழந்தையை வாங்கினான். அதையும் கொல்ல வேண்டும். குழந்தை என்பது சுருட்டிய துணி. நிஜக் குழந்தையைப் போல அதன் கழுத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டான். பிறகு சிரித்தான்.

லுவாவின் கை அடித்துவிட்டது.

"ஏய் சைகோன்காரி! அவன் ராஜாவைக் கொன்னவன்டி!" என்றாள் பின்வரிசை மீன்காரி. "வேணும்னா அவனுக்கு ஓசியில ஐஸ் குடு!"

நடிகர் முரசைப் பார்த்தார். அந்த அடியை அவர் முதல்முறையாக வாங்குகிறார். அதே வரியை மறுபடி பாடினார், இன்னும் மெதுவாக. மீன்காரி வாயை மூடினாள்.

5

முடிவு அ: லுவா மன்னிப்புக் கேட்கிறாள். கடைசி நாள் காட்சி அவளுக்கே.

முடிவு ஆ: ஊரே எழுந்து நின்று

(இல்லை. இந்த ஊர் மழைக்குத்தான் எழும்.)

நான் பார்த்தது இவ்வளவுதான். சாவ் மாமா ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி ஓடி வந்தார்.

"குடு கோலை! நாளைக்கு இந்தப் பக்கமே வராதே."

லுவா கொடுத்தாள். நாற்காலியை விட்டு எழவில்லை. மேடையில் பாட்டு இன்னும் முடியவில்லை. லுவா சொன்னதோடு நிறுத்துகிறேன்; அதற்கு அடுத்ததை நான் எழுதப்போவதில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

"கோல் உங்ககிட்டதான் இருக்கு, மாமா. இப்ப அவனைப் பாருங்க. உங்க கை சும்மா இருக்குமா?"