ஒருவர் மட்டும் உட்காரும் வண்டி

வண்டியில் கால் வைக்கிற கம்பியை இன்னும் நாலு விரல் பின்னால் தள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வெட்டி ஒட்டினால் போதும், அன்றைக்கு மில்லுக்கு லீவுதான். மதிவதனி இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது யாரோ அவள் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். எதிரே பெஞ்சில் அவள் கணவன் பரிதியைக் கடைசியாகக் குளிப்பாட்டுவதற்காகச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். வெட்டி ஒட்ட வேண்டியவன் அவன்தான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

எண்ணெயைத் தொட்டு அவன் உச்சியில் வைத்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது. சித்தப்பா ஒருவர் குடத்துத் தண்ணீரை ஊற்றி, தேங்காய் நாரால் அவன் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. விடுங்க, அது போகாது என்று சொல்ல வாயெடுத்தாள். இத்தனை மாதமாக மண்ணெண்ணெயும் சோப்புத் தூளும் போட்டு அவள் தேய்த்துப் பார்த்த கறுப்பு அது.

நேற்று சாயங்காலம் கொட்டகையில் அவன் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். அவள் அடுப்படியில் இருந்தாள். ஒவ்வொரு உதைக்கும் எஞ்சின் ஒருதரம் இருமிவிட்டு அடங்கும். கொஞ்சம் இடைவெளி. மறுபடி உதை. ஒன்றுக்கு அப்புறம் அடுத்த உதை வரவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைக்கிறான் என்று நினைத்து, அந்த நேரத்தில் டீ போட்டாள். டம்ளரோடு அவள் போனபோது டேங்கின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான், அதன் பளபளப்பைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதுபோல. முப்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில், கொண்டுவரும்போதே இதயம் நின்றிருந்தது என்றார்கள்.

அந்த அடுத்த உதைக்கு அவள் காது இன்னும் காத்திருந்தது. வெளியே வைக்கோல் மூட்டிப் பறையைக் காய்ச்சி ஒரு தட்டுத் தட்டினார்கள். அது இல்லை. குடத்தை யாரோ தரையில் வைத்தார்கள். அதுவும் இல்லை.

வண்டி மாமனார் இராஜாங்கத்தினுடையது. கூலிக்கு நடவு நட்ட குடும்பம் சொந்தமாக வாங்கிய ஒன்றரை மா நிலத்தில், முதல் அறுப்பு நெல்லைப் போட்டு வாங்கியது. அப்போது நிலக்காரர்கள் இருக்கும் பெரிய தெரு வழியாக அதிலிருந்து இறங்காமலே போய்வந்தவர் அவர் என்று இன்றும் சொல்வார்கள். கல்யாணமான புதிதிலிருந்து அதன் நீள சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்துதான் மதிவதனி திருவிடைமருதூர் பஸ் நிறுத்தத்துக்குப் போவாள். கும்பகோணத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை.

போன தை மாதம் பரிதி அதைப் பிரித்துப் போட்டான். போனில் ஏதேதோ வீடியோ பார்த்திருந்தான். கஃபே ரேசர் என்றான். ஹேண்டில்பார் தாழ்ந்து இருக்கும், ஓட்டுகிறவன் டேங்கின்மேல் குனிந்து போவான், பின்னால் ஒரு திமில் மாதிரி வைத்து சீட் அதோடு முடிந்துவிடும்.

"டீ குடிக்கப் போறதுக்கு எதுக்குடா வண்டிய வெட்டணும்?" என்றார் இராஜாங்கம்.

மாமியார் அம்சவல்லி அதோடு விடவில்லை. "பொண்டாட்டிய எறக்கி விட்டுட்டு எவளடா ஏத்தப் போற?"

"யாரும் ஏற முடியாதும்மா. ஒரு ஆளுக்குத்தான் எடம்."

முதலில் போனது சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க மாட்டியிருந்த கம்பித் தடுப்பு. அப்புறம் நீள சீட். கடைசியில் மில்லிலிருந்து இரும்பு அறுக்கிற கிரைண்டர் கொண்டுவந்து சட்டத்தின் பின்பக்கத்தையே வெட்டினான். அது ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டவள் மதிவதனிதான். வெட்டுப்பட்ட துண்டு சுடச்சுட அவள் கையிலேயே வந்தது. அதற்கப்புறம் வாய்க்கால் கரையோடு நடந்துபோய் பஸ் பிடித்தாள். இராஜாங்கம் நீள சீட்டைத் தூக்கிப்போய்க் கொட்டகைச் சுவரோரம் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார். அன்றிலிருந்து அதில்தான் உட்காருவார்.

இப்போதும் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

குளிப்பாட்டி முடித்து வேட்டி மாற்றும்போது கும்பகோணத்திலிருந்து வண்டிகள் வந்தன. பரிதியின் கூட்டாளிகள். தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தார்கள். பிரபு என்கிற பையன் மாலையைப் போட்டுவிட்டு, கொட்டகைக்குள் போய் வெகுநேரம் குனிந்து எதையோ பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே வந்து மதிவதனியைக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டான்.

அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் போய்விட்டால் பாடைக்கு முன்னால் அவர் வண்டியும் போகும். சுடுகாட்டுப் பாதையில் எல்லா வண்டியும் நின்று எஞ்சினை முறுக்கிச் சத்தம் கொடுப்பார்கள்.

"மாத்தினப்புறம் அண்ணன் வண்டி சத்தத்த நாங்க யாரும் கேட்டதில்ல அண்ணி. அவரும் கேக்கல. கார்புரேட்டர்ல சின்ன அடைப்பு, எடுத்துட்டேன். இனிமே ஒரே உதைதான்."

அவள் இராஜாங்கத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"போவட்டும்மா. அவனோட போவட்டும். அப்டியே அந்தப் புள்ளைங்க எடுத்துட்டுப் போயிடட்டும். திரும்ப என் கண்ணுல படக்கூடாது."

யாரும் அவள் பதிலுக்குக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. பிரபு வண்டியை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்தான். கம்பியில் கால் வைத்ததும் முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் முட்டின. பின்னால் நகர்ந்து பார்த்தான். திமில் இடித்தது.

"என்ன அண்ணி இது? அண்ணன் என்னவிட உசரமாச்சே. இதுல எப்படி உக்காந்திருப்பாரு?"

தனியாக வேலை செய்கிறவன் வண்டியில் உட்கார்ந்துகொண்டே எட்ட நின்று அளவு பார்க்க முடியாது. அதனால் பரிதி அப்போதெல்லாம் மதிவதனியை உட்காரவைப்பான். வேலையிலிருந்து வந்ததும் நைட்டியைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்காருவாள். குனி, இன்னும் குனி என்பான். "மூச்சு விடாத. நீ மூச்சு விட்டா கோடு கோணுது." அவள் சிரிப்பாள். அவள் கால் எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுவான். மணிக்கட்டுக்கு ஒரு கோடு. இடுப்பு முடிகிற இடத்தில் ஒரு கோடு. எல்லாம் வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து, போன வாரம்தான் அவன் முதல்முதலாக ஏறி உட்கார்ந்தான். முழங்கால் இதேபோல முட்டியது.

"அட, ஒன் அளவுக்குல்ல வச்சிருக்கேன்" என்றான்.

அதைச் சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது? நேற்றிலிருந்து அதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். கையில் விளக்கைப் பிடித்திருந்தாள், வெளிச்சம் கம்பியின்மேல் இருந்தது, முகத்தின்மேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாத்திக்கலாம் என்று சொன்னது அவனா, அவளா என்பதுகூட இப்போது தெளிவாக இல்லை. அவளுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

வெளியே பறை நின்றது. வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். அம்சவல்லியின் குரல் எங்கோ உயர்ந்து உடைந்தது. பிரபு ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி, மறுகால் விரலால் கிக்கரை வெளியே மடக்கினான். பாதத்தை அதன்மேல் வைத்துப் பதம் பார்த்தான்.

"எறங்குங்க தம்பி" என்றாள்.

அவன் கேட்காதவன்போலத் திரும்பினான்.

"எறங்குங்க."

அவன் இறங்கினான். இராஜாங்கம் தலைநிமிர்ந்தார். "என்னம்மா?"

"வேணாம் மாமா."

"ஊரே நிக்குதும்மா. புள்ளைங்க ஆசையா கேக்குதுங்க. அவனுக்குத்தானே செய்றாங்க."

"நீங்க ஆக வேண்டியதப் பாருங்க மாமா. வண்டி வரல."

"வச்சிக்கிட்டு என்னம்மா பண்ணப் போற?"

அவள் குனிந்து கிக்கரை உள்ளே மடக்கினாள். அடைப்பு எடுத்தபின் பிரபு திறந்துவிட்ட பெட்ரோல் டேப் மூடாமலே இருந்தது. டியூப் முனையிலிருந்து சொட்டிய பெட்ரோல் மண்தரையில் உள்ளங்கை அளவுக்கு ஊறியிருந்தது. அவன் சொல்லிக்கொடுத்தபடி டேப்பைப் பக்கவாட்டில் திருப்பினாள். டியூப் முனையில் இன்னும் ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழட்டும் என்று பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். அது விழவில்லை.