படுத்தால்தான் பதில்

இரண்டு முறை கோட்டை விட்ட உடற்கூறியல் வாய்மொழித் தேர்வுக்கு அவள் மறுபடியும் வந்திருந்தாள். இதிலும் தேறாவிட்டால் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் 'கடுகு'. கோபம் வந்தால் அப்படிப் பொரிவார் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர்.

"இது என்ன எலும்பு?"

"டிபியா சார். முழங்காலுக்குக் கீழ இருக்கிற ரெண்டு எலும்புல பெரியது. உடம்பு பாரத்தைத் தாங்குறது இதுதான். பக்கத்துல ஒல்லியா ஃபிபுலா, சும்மா துணைக்கு."

"துணைக்கா? சரி, தொலையட்டும். இது வலது காலா, இடது காலா?"

அவள் மாட்டிக்கொள்வது எப்போதும் இந்த இடத்தில்தான். மற்றவர்கள் எலும்பைத் தங்கள் காலோடு ஒட்டிப் பிடித்துச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இந்த மகராசிக்கு அது ஆகாது. செத்தவர் எலும்பைத் தன் காலில் வைப்பதாவது! டாக்டருக்குப் படிக்க வந்த லட்சணத்தைப் பாருங்கள். அதனால் அவள் படித்ததெல்லாம் அப்பாவின் காலில். பஸ் கண்டக்டரான அவர் வேலை முடிந்து கட்டிலில் சாய்ந்ததும், கால்மாட்டில் உட்கார்ந்து பேனாவால் எலும்பெல்லாம் வரைந்துவிடுவாள். மனிதர் கோடு போட்ட காலோடு குறட்டை விடுவார். விளைவு, எதிரே ஒரு ஆள் மல்லாந்து கிடந்தால்தான் அவளுக்கு இடம் வலமே விளங்கும்.

எலும்பைத் திருப்பினாள். புரட்டினாள். ம்ஹூம்.

"என்னம்மா, புல்லாங்குழலா அது? உருட்டிக்கிட்டே இருக்கே?"

எப்படியும் போகப் போகிற மானம்தானே என்று வாயைத் திறந்தாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் படுத்தீங்கன்னா சொல்லிடுவேன்."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மேசை கிறீச்சிட்டது. திறந்து பார்த்தால், மனிதர் மண்டையோடுகளை ஓரம் கட்டிவிட்டு மேசைமேல் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார்.

"என் சர்வீஸ்ல இதை யாரும் கேட்டதில்ல. ம், சொல்லு. தப்பா சொன்னே, அப்புறம் இருக்கு உனக்கு."

அகலமான முனையை அவர் இடது முட்டிப் பக்கமும் கூரான விளிம்பை மேலேயும் வைத்துப் பார்த்தாள். கணுக்கால் குமிழ் வெளிப்பக்கம் போய் நின்றது. வலது காலுக்கு மாற்றினாள். குமிழ், இருக்க வேண்டிய உள்பக்கத்துக்குக் கச்சிதமாக வந்தது.

"வலது சார்!" சந்தோஷம் தலைக்கேறி, கேட்காததையும் சொல்ல ஆரம்பித்தாள். "இது முட்டிச்சில்லு. இதோ, இந்த உள்பக்கச் சந்துலதான் ஜவ்வு..."

"ஐயையோ! அமுக்காதே!"

"வலிக்குதா சார்? மாடிப்படி இறங்கும்போதுமா?"

"ஆமாம்மா" என்றார் கடுகு, சின்னக் குரலில். பொரிகிற ஆளையே அன்று காணோம். அவள் கை கொடுத்து அவரை எழுப்பி உட்கார வைத்தாள்.

"பாஸ் போடறேன். ஆனா டாக்டரானதும் வர்றவங்களை எல்லாம் இப்படிப் படுக்கச் சொல்லித்தான் பார்ப்பியா?"

"நோயாளிங்க சொன்னதும் படுத்துடுவாங்க சார். வாத்தியாருங்களைப் படுக்க வைக்கிறதுதான் கஷ்டம்."