ரவுட்டரில் மாற்றிய எண்

"மோளே, உங்க வீட்டுல யாருக்கு வலிப்பு?"

பேபிச்சன் இதைக் கேட்டது ரேஷன் கடை வரிசையில். அக்கறையாகத்தான் கேட்டார், குரலைத் தணித்துத்தான் கேட்டார். ஆனாலும் எனக்கு முன்னால் நின்றவரும் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "யாருக்கும் இல்லையே" என்று சொல்லிவிட்டு அரிசி வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

எனக்குத்தான் வலிப்பு. பத்தாம் வகுப்பில், காலை ஜெபத்தின்போது எல்லோர் முன்னிலையிலும் விழுந்தேன். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. ரத்தசோகை என்று ஊரில் சொல்லிவைத்திருந்தோம். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். மாத்திரையைக்கூட அப்பா கோட்டயம் போய்த்தான் வாங்கி வருவார்.

பேபிச்சனுக்கு எப்படித் தெரிந்தது என்று இரண்டு நாள் வீடியோக்கள் பார்த்துக் கண்டுபிடித்தேன். எங்கள் மலைச்சரிவில் எல்லா வீட்டுக்கும் கேபிளும் இன்டர்நெட்டும் அவருடையதுதான். போனில் ஒரு பக்கத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று முதலில் யாரையாவது கேட்டாக வேண்டும். கேட்டால் சொல்கிற இடத்துக்கு டி.என்.எஸ். என்று பெயர். எங்கள் வீட்டு ரவுட்டர் கேட்டதெல்லாம் பேபிச்சன் ஆபீஸிலிருந்த கம்ப்யூட்டரை. எந்த வீடு எதைக் கேட்டது என்று அது குறித்துவைத்துக்கொள்ளும். வலிப்பு நோயாளிகள் சங்கம் ஒன்றின் பக்கத்தை நான் தினமும் திறந்துகொண்டிருந்தேன்.

ரவுட்டரின் பாஸ்வேர்ட் அதன் அடியிலேயே ஒட்டியிருந்தது. பேபிச்சனுடைய எண்ணை அழித்தேன். யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டிருக்கும் வேறொரு டி.என்.எஸ்ஸின் எண்ணைப் போட்டேன். கேள்வியை வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பவும் ஒரு கட்டம் இருந்தது. அதிலும் டிக் போட்டேன். அதன் பிறகு பக்கங்கள் எல்லாம் தட்டியதும் திறந்தன.

"பேபிச்சன் என்னமோ பண்ணியிருக்கான். பறக்குது!" என்றார் அப்பா.

"பின்னே? போன மாசம் நீங்க போன்ல கத்தின கத்துக்கு எருமைகூட பறக்கும்" என்றாள் அம்மா.

நான் உள்ளே போய்ச் சிரித்தேன். நான் எதைப் படிக்கிறேன் என்று இனி யாருக்கும் தெரியாது. அந்த மாதம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

கர்க்கடக மாதத்து மழையில் அம்மா முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் உலகன்னான் மாமா இறந்துபோனார். அம்மாவுக்கு ஒரே அண்ணன்; இச்சாயன் என்றுதான் கூப்பிடுவாள். ஆற்றுக்கு அக்கரையில், எண்பது படி ஏறிப் போக வேண்டிய வீடு. டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டார்.

"முகத்த மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்தாப் போதும். வலியோட போனாரா, நிம்மதியாப் போனாரான்னு இச்சாயன் முகத்தப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்கு வழி இருந்தது. அந்தக் கரையில் போனுக்கு சிக்னல் கிடையாது, ஆனால் பேபிச்சனின் கேபிள் லைன் உண்டு. சாவு வீடுகளில் அவருடைய ஆள் கேமரா வைப்பான். அவருடைய லைன் இருக்கும் வீடுகளில் மட்டும் அவருடைய பக்கத்தில் தெரியும். ஹாலில் கட்டிலை டிவிக்கு நேராகத் திருப்பிப் போட்டோம். அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஜெபமாலையோடு உட்கார்ந்தாள்.

இரண்டு மணிக்கு அப்பா பக்கத்தைத் திறந்தார். இப்படி ஒரு முகவரி இல்லை என்று வந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தப் பெயர் பேபிச்சனின் கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரிந்த பெயர். நான் மாற்றிவைத்த இடம் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

அப்பா பேபிச்சனின் ஆபீஸுக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "எல்லா வீட்டுலயும் ஓடுதே தொம்மிச்சா! ஆத்துக்கு இந்தப் பக்கம் உங்க ஒரு வீட்டுலதான் இல்லேங்கிறீங்க. ரவுட்டர்ல மோள் எதையாவது தொட்டுச்சான்னு கேளுங்க."

"எதையாவது தொட்டியாடீ?" என்றார் அப்பா.

"இல்ல."

ஏன் என்று கேட்பார்கள். ரேஷன் கடை வரிசையைச் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவுக்கு அன்றைக்கா சொல்வது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயம்தான். "ஆமா" என்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

அப்பா ரவுட்டரை அணைத்துப் போட்டார். அது உயிர்பெற நான்கு நிமிஷம். மறுபடி அணைத்தார். மூன்றாவது தடவையும். அது அணைந்திருக்கும்போது அதன் செட்டிங்குக்குள் நான் நுழைய முடியாது. அவர் கை வைக்காமல் இருந்தால் போதும் என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.

"பாட்டு ஆரம்பிச்சிருப்பாங்க" என்றாள் அம்மா. பிறகு, "கடைசி முத்தம் குடுக்க வரிசை நின்னிருப்பாங்க" என்றாள்.

மேல் வீட்டில் தெரிகிறதா பார்க்கிறேன் என்று அப்பா குடையோடு ஓடினார். நான் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து போனை எடுத்தேன். ரவுட்டரில் நான் போட்ட எண்ணை அழித்து, பேபிச்சனுடையதைப் பழையபடி வைத்தேன்.

டிவியில் படம் வந்தது. மழைக்குக் கட்டிய நீலப் படுதா, அதன் கீழே கூட்டம், நடுவில் சவப்பெட்டி. முகத்தின் மேல் வெள்ளைத் துணி போட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் மூடியைத் தூக்கி வந்தார்கள்.

"மூடிட்டாங்களா?" என்றாள் அம்மா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஆமா மம்மி."

பிறகு டிவியிலிருந்து என் கையிலிருந்த போனுக்குப் பார்வையைத் திருப்பினாள்.

"இத முன்னாடியே பண்ணியிருக்க முடியுமா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அம்மா வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்தாள். தாங்கப் போன என் கையை விலக்கிவிட்டு, அடிமேல் அடியாக உள் அறைக்குப் போனாள்.