நகராத வண்டியில் காஷிஃப்

மேல்விஷாரத்தில் யாருக்காவது நல்ல மோட்டார் சைக்கிள் படம் பார்க்க வேண்டும் போலிருந்தால், போனில் தேடுவதற்கு முன்னால் காஷிஃபைத்தான் தேடுவார்கள். எதை உட்கார்ந்து முழுசாகப் பார்க்கலாம், எதை இடைவேளைக்கு முன்பே அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம் என்பதில் அவன் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அமெரிக்கப் படம், ஜப்பான் படம், நம்ம ஊர்ப் படம் என்று பாரபட்சம் பார்க்காதவன். டீக்கடை பெஞ்சில் அவன் பேச ஆரம்பித்தால், கையிலிருக்கும் டீ ஆறிப்போவது தெரியாமல் நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"ஹீரோ மூஞ்ச பாக்காத, அவன் எடது கைய பாரு. கிளட்ச் மேல வெரல் இருக்குதா? இருந்தா ஓட்றான். இல்லன்னா வண்டிய லாரி மேல கட்டி வச்சி இஸ்த்துனு போறாங்கன்னு அர்த்தம்" என்பான்.

அடுத்த சோதனை காலர். மூன்று மாநிலம் தாண்டி வந்தவனின் சட்டைக் காலர் வெள்ளையாக இருந்தால் அந்தப் படத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். வண்டி எங்காவது நடுவழியில் மக்கர் பண்ண வேண்டும், யாராவது அதைக் கழற்றி மாட்டிக் கையைக் கருப்பாக்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு காட்சி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம். துரத்தல் காட்சி நீளமாக இருந்தால் டைரக்டரிடம் கதை இல்லை என்று பொருள். சும்மா சொல்லக்கூடாது, அவன் நல்ல படம் என்று சொன்ன எதுவும் இதுவரை சோடை போனதில்லை.

எல்லாம் சரி, ஆனால் காஷிஃபுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் கற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டான், அப்புறம் பேர் பெரிதாகிவிட்டது, இனிமேல் போய் யாரிடம் சொல்லிக்கொடு என்று கேட்பது? இது அவனுக்கும் அவன் மனைவி மெஹக்குக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. மெஹக் ஸ்கூல் டீச்சர். அவளுடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துதான் அவன் கடைக்கும் கல்யாணத்துக்கும் போவான். யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"காலைலேருந்து சாய்ந்தரம் வரைக்கும் கம்பெனில வண்டி மேலதான் உக்காந்துனுருக்கேன். வீட்டுக்கு வந்தும் வண்டியா? பேஜாரு பா."

இதில் முதல் பாதி சத்தியமான உண்மை. ராணிப்பேட்டையில் ஒரு லெதர் ஜாக்கெட் கம்பெனியின் சாம்பிள் ரூமில் அவனுக்கு வேலை. ஐரோப்பாக்காரர்கள் ஐம்பதாம் சைஸ் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். மார்பு, தோள், கை, இடுப்பு என்று அந்த அளவுக்குத் தைத்த பொம்மையைப் போல இருக்கும் காஷிஃபின் உடம்பு. அந்த அளவில் எந்தப் புது ஜாக்கெட் தைத்தாலும் முதலில் அவன்மேல்தான் ஏறும். அதற்காகவே இன்ஜின் இல்லாத ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பலகையில் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அவன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி உட்காருவான். வெட்டும் அளவுகளை வரைகிற பேட்டர்ன் மாஸ்டர் ராமமூர்த்தி, தோலில் குறிபோடும் சில்வர் பேனாவோடு அவனைச் சுற்றி வந்து, இழுக்கிற இடம், தொங்குகிற இடமெல்லாம் கோடு போடுவார். வருஷக்கணக்காக இப்படி அவன் ஓர் அங்குலம் நகராமல் மோட்டார் சைக்கிள் சவாரி செய்துகொண்டிருந்தான்.

எப்படி உட்கார வேண்டும் என்று அவன் படம் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். நெஞ்சு நிமிர்ந்து, தாடை உயர்ந்து, கைகள் தளர்ந்து, ஒரு கால் தரையில். பார்க்கிறவர்களுக்கு அவன் எங்கோ லடாக் பக்கம் போகிற வழியில் இரண்டு நிமிஷம் இங்கே நின்றிருக்கிறான் என்றே தோன்றும். இதுவரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை, ஏனென்றால் கம்பெனி அதுவரை அனுப்பியதெல்லாம் அழகுக்குப் போடுகிற ஜாக்கெட்டுகள். அவற்றை வாங்கியவர்களும் காஷிஃபைப் போலவே வண்டி ஓட்டாதவர்கள்.

இந்த வருஷம்தான் முதல்முறையாக நிஜமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கான ஜாக்கெட் ஆர்டர் வந்தது. மாஸ்டர் முதல் சாம்பிளில் ஜாக்கெட்டின் கையை முன்பக்கம் வளைத்து வெட்டியிருந்தார், முதுகைக் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தார். காஷிஃப் அதைப் போட்டு, வழக்கம்போல் நிமிர்ந்து உட்கார்ந்தான். கை முன்னால் துருத்திக்கொண்டு நின்றது.

"இன்னா மாஸ்டர் இது, கட்டு போட்ட கையாட்டம் தூக்கினு நிக்குது? எந்தப் படத்துலயும் யாருக்கும் இப்படி வராது."

ராமமூர்த்தி சைக்கிளில் வேலைக்கு வருகிறவர். "அப்படியா பாய்? எனக்கு சைக்கிள் தவிர எதுவும் தெரியாது. வண்டி விஷயத்துல நீ சொன்னா சரிதான்" என்று பேட்டர்னை மாற்றினார். கை நேராகத் தொங்கியது, முதுகு ஏறியது, கண்ணாடியில் பார்க்க ராஜாவாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தமிழினி சாம்பிள் ரூமுக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை, இந்த ஆர்டரைக் கொடுத்த பையர் ஹெல்கா வருகிறாள். ஜெர்மனிக்காரி, தானே வண்டி ஓட்டுகிறவள். சாம்பிளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் செவ்வாய்க்கிழமை கட்டிங் ஆரம்பித்துவிடலாம்.

"அப்புறம் காஷிஃப் அண்ணா, எங்க ஏரியாலயே பெரிய பைக் ஆளு நீங்கதான்னு அவங்களுக்கு மெயில்ல எழுதியிருந்தேன். ஒரே குஷி அவங்களுக்கு. ரெண்டு வண்டி வாடகைக்கு எடுத்துனு வர்றாங்க. நீங்க இந்த ஜாக்கெட் போட்டுனு அவங்களோட ஏலகிரி ஏறணுமாம்."

காஷிஃபின் வாய் பழக்கதோஷத்தில், "ஏறிட்டா போச்சு" என்றது. மாஸ்டர் கேட் பாஸ் எழுதி ஜாக்கெட்டை அவனிடம் கொடுத்தார். "லீவுல போட்டு ஓட்டிப் பாரு பாய். எங்கியாச்சும் இடிச்சா சொல்லு."

விஷயத்தைக் கேட்ட மெஹக் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தம்பி தவ்ஃபீக்குக்குப் போன் போட்டு வண்டியைக் கொண்டுவரச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் வாணியம்பாடியில் அந்தத் தம்பிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கணவனும் மனைவியும் அந்த வண்டியோடு, பெருநாள் தொழுகை நடக்கும் ஈத்கா மைதானத்துக்குப் போனார்கள். பார்க்க யாரும் இல்லாத நேரம்தான், இருந்தாலும் காஷிஃப் ஜாக்கெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தான். அது இல்லாமல் அவனுக்கு வண்டிமேல் உட்காரவே வராது.

ஏறி உட்கார்ந்த தோரணை பிரமாதமாக இருந்தது. அதற்கப்புறம்தான் சிக்கல். எந்தப் படத்திலும் வண்டியைக் கிளப்புவதைக் காட்டுவதில்லை. ஹீரோ ஏறி உட்காருவான், அடுத்த நொடி நெடுஞ்சாலையில் இருப்பான். நடுவில் நடப்பதை மெஹக் சொல்லிக்கொடுத்தாள். கிளட்சைப் பட்டென்று விட்டதும் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி துள்ளியது. "மெதுவா விடுங்க, மெதுவா" என்று மெஹக் பர்தாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். ஏழெட்டுத் துள்ளலுக்குப் பிறகு வண்டி நகர்ந்தது. காஷிஃப் அல்லாவைக் கூப்பிட்டான். பிறகு மெஹக்கைக் கூப்பிட்டான். மைதானத்தை ஒரு சுற்று வந்து நிறுத்தியபோது அவன் முகத்தில் அசடும் பெருமையும் சேர்ந்து வழிந்தன.

மூன்றாவது சுற்றில் அவன் பயம் கொஞ்சம் அடங்கியது. அப்போதுதான் ஜாக்கெட் அவனைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. ஹேண்டிலுக்குக் கை நீட்டினால் ஜாக்கெட்டின் கை மேலே ஏறி, கையுறைக்கும் அதற்கும் நடுவில் மணிக்கட்டு வெறுமையாகத் தெரிந்தது. குனிந்தால் முதுகில் காற்று புகுந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் காலர் கழுத்தை அறுத்தது. துணியாக இருந்தால் கொஞ்சம் இழுபடும், தோல் அசைந்து கொடுக்காது.

அவன் வண்டியை நிறுத்திவிட்டு ஜாக்கெட்டின் கையைக் கீழே இழுத்துப் பார்த்தான். மாஸ்டர் முதலில் வளைத்து வெட்டிய கை ஏன் அப்படி இருந்தது என்று இப்போது புரிந்தது. அதைக் கெடுத்தது அவன்தான். நாளை மறுநாள் அத்தனை தோலும் அவன் சொன்ன தப்பின்படி வெட்டுப்படப் போகிறது.

மெஹக்கிடம் சொன்னான். "அப்ப மாஸ்டர்கிட்ட போய் சொல்லுங்க" என்றாள் அவள்.

"இன்னான்னு சொல்றது? இத்தினி வருஷம் வண்டி ஓட்ற ஆளுக்கு இது தெரியலையான்னு கேப்பாரு. முதுகு வலின்னு நாளைக்கு லீவு போட்டா போதும். அந்த ஜெர்மன்காரம்மா கையெழுத்து போட்டுனு போய்டுவாங்க, என் பேரும் கெடாது."

"சொன்னா இன்னா ஆகும்?"

"ஊரே சிரிக்கும் மெஹக்."

"சிரிக்கட்டுங்க. ஜாஸ்தி போனா ஒரு வாரம் சிரிப்பாங்க. இத போட்டுனு எவனோ ஒருத்தன் ரோட்ல விழுந்தா அவன் கைத்தோலு ஒரு வாரத்துல வந்துடுமா?"

காஷிஃப் தன் மணிக்கட்டைப் பார்த்தான். அன்றைக்குப் பூராவும் அவன் யாருக்கும் எந்தப் படமும் சொல்லவில்லை. டீக்கடைப் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை கம்பெனி வாசலில் இரண்டு பெரிய வண்டிகள் நின்றன. ஹெல்கா ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாம்பிள் ரூமுக்கு வந்தாள். நரைத்த முடி, வெயிலில் சிவந்த மூக்கு. காஷிஃப் ஜாக்கெட்டோடு போல்ட் போட்ட வண்டியில் உட்கார்ந்திருந்தான். தமிழினி அவனை அறிமுகப்படுத்தும்போதே ஹெல்காவின் முகம் மலர்ந்தது. சுற்றி வந்து பார்த்தாள், தோளைத் தொட்டாள், தலையசைத்தாள். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள்.

காஷிஃப் வண்டியிலிருந்து இறங்கினான். இறங்கியதுகூடத் தோரணையாகத்தான் இருந்தது.

"மாஸ்டர், மொதல்ல நீங்க வெட்டுன கைதான் கரெக்டு. நான் சொன்னது தப்பு."

ராமமூர்த்தி விழித்தார். "இன்னா பாய் சொல்ற? எந்தப் படத்துலயும் இப்படி வராதுன்னு நீதானே சொன்ன?"

"படத்துல வண்டி நிக்கறப்பதான் மாஸ்டர் கேமரா சுத்தி சுத்தி வரும். அந்த போஸு மட்டும்தான் எனக்குத் தெரியும்." டீக்கடையில் தீர்ப்புச் சொல்கிற அதே குரலில், கொஞ்சமும் தணிக்காமல் சொன்னான். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நேத்திக்குதான் என் பொண்டாட்டி கத்துக் குடுத்தா. லைசென்ஸ் இல்ல, ஏலகிரிக்கும் வரல. ஆனா இத வெட்டாதீங்க. ஓட்டுனா மணிக்கட்டு தெரியுது, கழுத்து அறுக்குது."

ஃபினிஷிங் மேஜைக்குப் பின்னாலிருந்து அங்கே வேலை பார்க்கும் எல்லம்மா, "ஐயோ சாமி, அப்ப இத்தினி நாளு நமக்கு சொன்ன கதையெல்லாம்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். காஷிஃபுக்குக் காது மடல் பற்றி எரிந்தது. தரையைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, பார்க்கவில்லை.

தமிழினி செத்துப்போன குரலில் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள். ஹெல்கா சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள். முதலில் எங்கே இழுத்தது, கழுத்திலா கையிலா என்று கேட்டாள். கையில், என்று காஷிஃப் காட்டினான். அவள் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, வெளியே நிற்கிற வண்டியில் ஏறி ஓட்டிக்காட்டச் சொன்னாள். கட்டிங் அப்புறம், முதலில் இது, என்றாள்.

ராமமூர்த்தி சில்வர் பேனாவை எடுத்துக் காதில் செருகினார். கோபமாக இருப்பார் என்று காஷிஃப் எதிர்பார்த்தான். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நகராத வண்டி மேல கோடு போட்டதெல்லாம் போதும். நீ ஓட்டு பாய், நான் கூடவே வர்றேன். எங்க இழுக்குதோ அங்க போடுவேன்."

கம்பெனி காம்பவுண்டுக்குள் அன்று வேலையே நடக்கவில்லை. கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரைக்கும் எல்லா ஜன்னலிலும் தலைகள், எல்லாக் கையிலும் போன். வண்டி இரண்டு தடவை துள்ளி அணைந்தது, ஜன்னல்களில் விசில் பறந்தது. மூன்றாவது தடவை கிளம்பியது. காஷிஃப் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்ட, மாஸ்டர் மூச்சிரைக்கப் பக்கத்தில் ஓடிக்கொண்டே அவன் தோளில் ஒரு கோடு, முழங்கையில் ஒரு கோடு, மணிக்கட்டில் ஒரு கோடு என்று போட்டுக்கொண்டு வந்தார். ஹெல்கா எதிரில் நின்று இதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வெட்கமாகத்தான் இருந்தது அவனுக்கு. இந்த வீடியோ சாயங்காலத்துக்குள் மேல்விஷாரம் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரியும். ஆனாலும் கைக்கடியில் வண்டி உறுமுவது, முகத்தில் காற்று வந்து அடிப்பது, வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் நடிக்காமல் ஒரு வண்டிமேல் உட்கார்ந்திருப்பது எல்லாம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. குடோன் திருப்பத்தைத் தாண்டியதும் அவன் கிளட்சைப் பிடித்தான், யாரும் சொல்லாமலே இரண்டாவது கியரைப் போட்டான். வண்டி மாஸ்டரை விட்டு விலகிப் போனது.

"நில்லு பாய்! கழுத்து இன்னும் போடல!" என்று ராமமூர்த்தி பேனாவைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்.

காஷிஃப் திரும்பிப் பார்த்தான். காலர் கழுத்தை அறுத்தது.

"இங்கதான் மாஸ்டர்! இங்கதான் அறுக்குது!" என்று காம்பவுண்டே கேட்கக் கத்தினான். வண்டியை நிறுத்தவில்லை.