ராஜாவுக்கு இரண்டு மூக்கு

1

இந்தக் கதை ஒரு திருச்சபை வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பிலிருந்து பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே கடலிலிருந்து தொடங்குகிறேன்.

பொழியூர்க் கடல் அன்று ஆவேசமாக...

(வேண்டாம். கதைகளில் கடல் எப்போதுதான் சும்மா இருந்தது?)

2

ஜெனிலுக்குப் பாறசாலையில் மொபைல் கடை. மனைவி ஜின்சியின் கல்யாண மோதிரம் பொழியூர் மணலில் விழுந்து தொலைந்தது. தேடித் தருகிறேன் என்று வீராப்பாகச் சொல்லி, உலோகம் கண்டால் கூவும் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கினார். அது கூவியது. தோண்டினார். வெள்ளைக்காரன் காலத்துக் காலணா. அதில் ராஜாவுக்கு இரண்டு மூக்கு.

ஒரே காசின்மேல் அச்சு இருமுறை விழுந்து, இரண்டாம் முறை சற்று விலகினால் இப்படி ஆகுமாம். நாணயச்சாலையில் நேர்ந்த பிழை என்றால் அடித்துப்பிடித்து வாங்க ஆளுண்டு. வெளியே வந்தபின் பட்ட அடி என்றால் சீந்த நாதியில்லை. யூடியூப் புண்ணியத்தில் ஜெனில் இதில் பண்டிதராகிவிட்டார். பிழைக்கு ஒரு பிஸ்கட் டின், அடிக்கு ஒரு பிஸ்கட் டின்.

ஜெனில் லென்ஸோடு குனிந்தார். ஜெனில் லென்ஸோடு குனிந்தார். (இரண்டு முறை விழுந்துவிட்டது. திருத்த மாட்டேன், விலை கூடும்.)

3

ஜின்சியை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அழுதாள், நம்பும்படி இல்லை. இரண்டாவதில் பொறுமையாக இருந்தாள். அது அதைவிட மோசம். இப்போது கேட்கிறாள்:

"எனக்க மோதிரத்த தேடுதியளா, ராஜாவுக்க மூக்க எண்ணுதியளா?"

"தேடிட்டுத்தான் இருக்கேன். இடையில காசு வந்து கேறுது, நான் என்ன செய்ய?"

"அந்த லென்ச வச்சு என்னிய ஒருக்கா பாத்தது உண்டா?"

ஜெனில் அடுத்த காசை எடுத்தார். இன்னும் தன்னை நினைத்துத்தான் தேடுகிறாரா என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பாவம், சின்ன ஆசைதான்.

4

சரி, அறிவிப்பு:

"பொழியூர் கடற்கரையில் மோதிரம் ஒன்று கிடைத்துள்ளது. உட்புறம் 'ஜெனி' என்று பெயர் உள்ளது. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும். இப்படிக்கு, ஜெனில்."

ஜின்சி அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டே படித்தாள். கையைத் துடைத்துவிட்டு வந்து 'அடி' டின்னைத் திறந்தாள். மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டாள்.

"ஜெனியும் இல்ல, கினியும் இல்ல. கடைசி எழுத்து இல்லாத்த உங்களுக்க பேரு ஆக்கும்."

இந்த இடத்தில் ஒரு நல்ல கணவன் மன்னிப்புக்...

(நீங்களும் நம்ப மாட்டீர்கள்.)

ஜெனில் லென்ஸை எடுத்தார். "ஜின்சி, இந்தக் கடைசி எழுத்து நகைக்கடையில விட்டதா, பின்ன தேஞ்சதா? ஒண்ணு கழத்தித் தா, பாக்கட்டு."

5

முடிவுகள் இரண்டு. கடையில் விட்டது என்றால், பத்து வருடம் அந்தக் குறையை ஒருவரிடமும் சொல்லாமல் அவள் போட்டு நடந்திருக்கிறாள். தேய்ந்தது என்றால், அவர் வீட்டு மீன்சட்டியைத் தேய்த்துத்தான் தேய்ந்திருக்கிறது. முதலாவதுக்கு மதிப்பு உண்டு, இரண்டாவதுக்குக் கிடையாது என்பது பண்டிதர் கணக்கு. எனக்கு இரண்டுமே வயிற்றெரிச்சல்.

ஜின்சி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கழத்தித் தரமாட்டேன். பாக்கணும்னா என்னிய பாருங்க."

லென்ஸ் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்புவார் என்று நீங்களே முடிவு செய்யுங்க*

* 'ள்' அச்சில் விட்டதா, பேசிப் பேசித் தேய்ந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.