நூறிலிருந்து இருநூற்று நாற்பது வரை

ஸ்வாதி கொண்டுவந்த தாளில் எட்டு வரிகள் இருந்தன. கையெழுத்து என் மனைவியுடையது.

"எங்க வீட்ல அக்கா அலமாரில துணிக்கடியில கெடந்துச்சு அத்தான். இத அப்படியே செஞ்சு தாங்க."

ஆனந்தவள்ளி இறந்து பதினாறு மாதம் ஆகிறது. மூளையில் ரத்தக் கசிவு. இருபத்தொன்பது வயது. ஸ்வாதி அவளுடைய தங்கை, கல்லூரியில் கடைசி வருடம். நான் தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு உதிரிகளைத் தேர்ந்தெடுத்து மெஷின் கட்டிக் கொடுப்பது என் வேலை. அந்தத் தாளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதை வைத்து நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

"இது எங்க வீட்டுக்குன்னு அவ எழுதினது" என்றேன்.

"இல்ல அத்தான். எனக்கு. ஃபைனல் இயர் வரும்போது செஞ்சு தாறேன்னு சொல்லியிருந்தா. அப்பாக்குத் தெரிஞ்சா, கட்டிக்குடுத்த வீட்லருந்து ஒண்ணும் வாங்கப்படாதும்பாரு. அதான் யார்ட்டயும் சொல்லல."

என்னிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஸ்வாதி ஐந்து பெண்கள் சேர்ந்த ஒரு அணியில் ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறாள். கோயம்புத்தூர், ஓசூர், மதுரை என்று ஆளுக்கோர் ஊர். சனிக்கிழமை மாலை தகுதிச் சுற்று. பழைய லேப்டாப்பில் படம் திக்கித் திக்கி வருகிறது. சனிக்கிழமையும் அப்படி இருந்தால் அவளுக்குப் பதில் வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வார்கள். மாற்று ஆள் தயாராக இருக்கிறாள்.

"அவ பேரு கூட எழுதி வச்சாச்சு" என்றாள். "காசு அப்பா தருவாரு. ஒரு ரூவா கொறைக்கக் கூடாதாம். கொறைச்சா வாங்க மாட்டாராம்."

தாளை வாசித்தேன். முதல் வரியில் இருந்த ப்ராசஸர் இப்போது வருவதில்லை. அதற்குரிய மதர்போர்டும் இல்லை. போர்டு மாறினால் ரேம் வகை மாறும். ஒன்றை எடுத்தால் அடுத்ததும் சேர்ந்து கழன்று வருகிறது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இது நல்ல பட்டியல். ஒன்றுக்கொன்று சரியாக உட்கார்ந்திருந்தது. அதனாலேயே இன்று பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

"அப்ப புதுசா எழுதுங்க. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் பெருசாப் போடுங்க. கோயம்புத்தூர்க்காரி வச்சிருக்கிற கார்டு இந்தா நீளத்துக்கு இருக்கு."

"ஒன்னோட ஸ்கிரீன் ஒரு செகண்டுக்கு எத்தன படம் காட்டும்?"

"நூத்து நாப்பத்து நாலு."

"அந்தக் கார்டு முந்நூறு தரும். மிச்சத்த எங்க பார்ப்ப?"

"சும்மா இருக்கட்டுமே."

"இந்த கேமுக்கு கார்ட விட ப்ராசஸருக்குத்தான் வேலை. அது ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் போட்டுக் குடுக்கணும். அது சின்னதா இருந்தா கார்டு கைய கட்டிட்டு நிக்கும்."

"எங்க அப்பா போலீஸ் டேஷன்ல நின்ன மாதிரி" என்றாள்.

சிரிக்க வேண்டிய இடம். நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தாள்.

கார்டை ஒரு படி இறக்கினேன். ப்ராசஸரை ஒரு படி ஏற்றினேன். ரேமை ஒரே துண்டாகப் போடாமல் இரண்டாகப் பிரித்தேன். வேலை இதுதான். எதுவும் தனியாக நல்லதோ கெட்டதோ இல்லை. பக்கத்தில் இருப்பதை நிற்க வைக்காமலும் ஓட வைக்காமலும் இருக்க வேண்டும்.

"கடைசி வரி?" என்றாள். "அத அக்கா வாங்கியாச்சுல்லா?"

எட்டாவது வரி எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. ஆனந்தவள்ளி எண்ணூற்றைம்பது வாட் எழுதியிருந்தாள். மொத்தமாக முந்நூற்றைம்பது கூட இழுக்காத மெஷினுக்கு இது எதற்கு என்று அன்று கேட்டேன். கால்குலேட்டரில் கூட்டிக் காட்டினேன். "பெருசுக்காக எழுதல" என்றாள். பிறகு எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். "கடைக்காரன் பொண்டாட்டியே இப்படி வாங்குனா மத்தவங்கட்ட நான் என்னத்தச் சொல்ல" என்று கேட்டேன். அவள் கடையத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கூட்டல் அவளுக்குத் தெரியும். தாளை மடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

நான்கு நாள் கழித்து அந்த ஒன்றை மட்டும் தன் பெயரில் ஆர்டர் போட்டு வாங்கினாள். பிரிக்காமல் எங்கள் வீட்டுப் பரணில் வைத்தாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தாள்.

பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது.

"அது பெருசு ஸ்வாதி. இந்த மெஷினுக்கு வேண்டாம். ஐந்நூத்தம்பது போதும்."

சொன்னது உண்மை. காரணம் அதுவல்ல.

வெள்ளிக்கிழமை மதியம் மெஷினை ஆட்டோவில் வைத்துக் குற்றாலம் கொண்டுபோனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கேபினெட்டுக்கு மேல் இரண்டு பிளாஸ்டிக் உறை சுற்றியிருந்தேன். ஐந்தருவி ரோட்டில் மாமனாரின் லாட்ஜ். பதினாலு அறை. பின்பக்கம் வீடு. அவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொரிமுத்து. அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்வதில்லை, ஏட்டையாதான்.

"வாங்க மாப்ள. சாப்ட்டியளா?"

"ஆச்சு மாமா."

"பில்லு போட்டியளா?"

"போட்டாச்சு."

"கொறைக்கலயே?"

"இல்ல."

அவர் பில்லை வாங்கி, கூட்டல் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் சட்டைப் பையில் வைத்தார். கல்யாணமான நான்கு வருடத்தில் நான் இங்கே எத்தனையோ முறை வந்திருக்கிறேன். மதியம் வருவேன், சாப்பிடுவேன், வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிடுவேன். சீசனில் வந்ததே இல்லை. கூட்டம், வண்டி நெரிசல். ஆனந்தவள்ளி மட்டும் பஸ்ஸில் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புவாள்.

அன்று கிளம்ப முடியவில்லை. கேம் டவுன்லோட் ஆகி முடிய நேரமாகிவிட்டது. ஆறு மணிக்கு ஸ்வாதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அணியோடு ஒத்திகை. படம் தண்ணீர் மாதிரி ஓடியது. முழங்கையால் என்னை இடித்து, திரையின் மூலையைக் காட்டினாள். நூற்று நாற்பத்து நாலு. அசையாமல் நின்றது.

ஆறரை மணிக்கு அருவியிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். ஈரத்துணியும் எண்ணெயும் கலந்த வாசனை படியேறிப் போனது. மேலே கதவுகள் சாத்தும் சத்தம். ஆறே முக்காலுக்கு அறையின் குண்டு பல்பு மஞ்சளானது. ஃபேன் சத்தம் தணிந்தது. மெஷின் அணைந்தது.

மானிட்டர் மட்டும் எரிந்து, சிக்னல் இல்லை என்று எழுதிக் காட்டியது. மெஷின் தானாக மறுபடி எழுந்தது. கேமுக்குள் போவதற்குள் மறுபடி விழுந்தது.

"என்னாச்சு அத்தான்?"

பையிலிருந்து மீட்டரை எடுத்து சுவர்ப் பிளக்கில் வைத்தேன். நூற்று அறுபத்தெட்டு வோல்ட். இருநூற்று முப்பது இருக்க வேண்டும்.

மாமா வாசலில் வந்து நின்றார். "விழுந்துட்டாக்கும். சீசன்ல இந்நேரம் இப்படித்தான் மாப்ள. குளிச்சுட்டு நடுங்கிட்டு வருதாங்க, வந்ததும் கீசரத் தட்டுதாங்க. இந்தத் தெருவுல எத்தன லாட்ஜு. ஒம்பதரைக்குத் திரும்பிரும்."

மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏட்டையா, ஏழாம் நம்பர்ல வெந்நி வரல."

"வரும்வே. கரண்டும் மலையேறிதான வருது" என்று மேலே பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "வள்ளி சொல்லலயா? சின்னப்புள்ளயா இருக்கும்போது பரிச்சைக்கு இந்த பல்புலதான் படிச்சா. லைட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்குதும்பா."

ஹாலில் டிவிக்கு ஒரு ஸ்டெபிலைசர் இருந்தது. கழற்றி வந்து மாட்டினேன். அது டக்கென்று மாறும்போதெல்லாம் மெஷின் விழுந்தது. ஐந்து முறை பார்த்தேன். ஸ்வாதி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். போனில் அணியின் தலைவி ஏதோ எழுதியிருந்தாள்.

"நாளைக்கும் இப்படின்னா இன்னைக்கே சொல்லிருங்கிதா" என்றாள். "நாளைக்கு மேட்ச் ஏழு மணிக்கு."

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். நான் போட்ட ஐந்நூற்றைம்பது வாட் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வர வேண்டிய வோல்ட்டேஜ்: 200–240. நாள்தோறும் கையில் எடுக்கும் பொருள். அந்த வரியை நான் வாசிப்பதில்லை. தென்காசி பஜாரில் அதற்குத் தேவை வந்ததில்லை.

"அந்தத் தாள் இருக்கா?"

ஸ்வாதி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எட்டாவது வரி. 850. அதை அன்றும் படித்தேன், கடையிலும் படித்தேன். அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 100–240 என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். அதை இரண்டு முறையும் படிக்கவில்லை. நூறு வரை இறங்கினாலும் தாங்கும் வகை. அன்று அந்த வகையில் எண்ணூற்றைம்பது வாட்தான் சந்தையில் கிடைத்திருக்கும். அவள் வாட்டை வாங்கவில்லை.

நான் உள்ளே இருந்த ஏழு உதிரிகளையும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

"காலைல ஒரு போன் பண்ணிட்டுச் சொல்லுதேன்" என்று ஸ்வாதியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை திருநெல்வேலி முகம்மது சலீமுக்குப் போன் போட்டேன். நான் பொருள் எடுக்கும் மொத்தக் கடைக்காரர்.

"அந்த வகை கைவசம் இல்ல பிரபு. திங்கக்கெழம மத்தியானம் தாறேன்."

"இன்னைக்கு வேணும் அண்ணாச்சி."

"மத்தவங்கட்டயும் கேட்டுட்டேன். ஒங்க ஊர்லயே யார்ட்டயாவது இருக்கான்னு பாரு."

இருந்தது. குத்துக்கல்வலசையில் என் வீட்டுப் பரணில் இருந்தது.

முடியாது என்று ஸ்வாதியிடம் சொல்லலாம். கரண்டு சரியில்லை, நான் என்ன செய்ய என்று கேட்டால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். பெட்டி அங்கேயே இருக்கும். போனில் அவள் பெயர் வரை போனேன். அழைக்கவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறினேன். பெட்டியின் மேல் தூசி. அனுப்புச் சீட்டில் அவள் பெயரும் எங்கள் வீட்டு முகவரியும். பதினாறு மாதமாக நான் அதன் கீழே நடந்து போய்க்கொண்டிருந்தேன். பிரித்தால் அவள் வாங்கியதில் பிரிக்காதது எதுவும் வீட்டில் மிச்சம் இருக்காது.

கட்டரால் டேப்பைக் கிழித்தேன். உள்ளே எஸ்.எம்.பி.எஸ். கருப்பு ஒயர்கள் ஒரு துணிப்பையில். ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம். நான்கு திருகாணிகள். ஒரு கையேடு. அதை விரித்தும் உதறியும் பார்த்தேன். அவள் அதற்குள் எதுவும் வைத்திருக்கவில்லை. பிரித்தே பார்க்காதவள் எப்படி வைப்பாள். இருந்தும் பார்த்தேன்.

சீட்டில் 100–240 என்று இருந்தது.

மூன்று மணிக்குக் குற்றாலத்தில் இருந்தேன். பழையதைக் கழற்றி, இதை ஏற்றி, ஒயர்களைக் கட்டி முடிக்க ஒரு மணி நேரம். பெரிய பெட்டிதான். கேபினெட்டில் விளிம்பு வரை வந்தது. ஸ்வாதி டார்ச் பிடித்தாள்.

"அக்காவோடதா?"

"ஆமா."

"பெருசுன்னீங்க?"

"பெருசுதான். டார்ச்ச இங்கன காட்டு."

அவள் டார்ச்சை நகர்த்திப் பிடித்தாள்.

ஏழு மணிக்கு மேட்ச் ஆரம்பித்தது. பல்பு ஏற்கனவே மஞ்சளாகியிருந்தது. மீட்டரைப் பிளக்கிலேயே செருகி வைத்திருந்தேன். நூற்று எழுபத்தொன்று. நூற்று அறுபத்து நாலு. ஃபேன் இறக்கை இறக்கையாகத் தெரிந்தது. மாடியில் யாரோ வெந்நீருக்குச் சத்தம் போட்டார்கள். நூற்று ஐம்பத்தெட்டு. நான் திரையைப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினின் சத்தம் மாறவில்லை.

"இடது பக்கம், இடது பக்கம், ரெண்டு பேரு" என்று ஸ்வாதி மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் பேசாத அழுத்தமான குரல்.

மாமா கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். "இதுல போலீஸு யாரு?"

"அப்பா, சும்மா இருங்கப்பா."

"ஏட்டி, சொல்லேன்."

"நான்தான் போலீஸு. போதுமா?"

அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஏழு ஐம்பதுக்கு ஸ்வாதி ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். "மொத ரவுண்டு ஜெயிச்சாச்சு அத்தான். இன்னும் ரெண்டு இருக்கு. நிக்குமா?"

"நிக்கும்."

அவள் திரும்பிக்கொண்டாள். நான் கருவிப் பையை மூடினேன்.

மாமா எழுந்தார். "இருட்டிட்டே. கெளம்புதியளா மாப்ள?"

ஆனந்தவள்ளி இந்த அறையில், இந்த வெளிச்சத்தில் படித்திருக்கிறாள். அந்தத் தாளையும் இங்கே உட்கார்ந்து யோசித்திருப்பாள். நான் நான்கு வருடமாக பல்பு மஞ்சளாவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போயிருக்கிறேன்.

"வோல்ட்டேஜ் எப்ப திரும்பும்னீங்க மாமா?"

"ஒம்பதரை ஆவும்."

"அதுவரைக்கும் இருக்கேன்" என்றேன்.

அவர் உள்ளே பார்த்து, இன்னும் இரண்டு தோசைக்கு மாவு இருக்கிறதா என்று கேட்டார். நான் மீட்டரைப் பிளக்கிலிருந்து உருவிப் பையில் வைத்துவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.